ரப்பர் விரிப்புக்கு அடியில்

இன்று காலை காரின் முன்சீட்டில் கால் வைக்கிற இடத்தில் கிடந்த கருப்பு ரப்பர் விரிப்பை உரித்தெடுத்துக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்தேன். மதியம் மணிமுத்தாற்றிலிருந்து ஓர் ஆள் கார் பார்க்க வருவதாக இருந்தது. விரிப்பு கிடந்த இடத்தில் ஒரு சோற்றுத்தட்டு அகலத்துக்கு நீலம். கார் வெள்ளை. அந்த நீலம் படகுக்கு அடிக்கிற நீலம். அது எப்படி அங்கே வந்தது என்று நினைத்தால் எட்டு வருஷம் கழித்தும் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் கோபம் என்பதுதான் காலையில்கூடத் தெளியவில்லை.

எனக்கு அந்தக் காரை விற்றவர் உவரிக்காரர். இரண்டு ஃபைபர் படகு வைத்திருந்தார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். யாரோ சொல்லக் கேட்டு, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போய் அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். முந்தின பிள்ளை தங்கவில்லை. இந்தத் தடவை பைக் கூடாது, பஸ்ஸில் குலுங்கவும் கூடாது என்று திருநெல்வேலி டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். எனக்குக் கார் ஆசை எல்லாம் கிடையாது. அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவர நாலு சக்கரம் வேண்டும், அவ்வளவுதான்.

அவர் விற்ற விதம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. சாவியை என் கையில் போட்டார். "நீரு பாரும். என்னமும் கேக்கணும்னா கேளும். நான் அங்கன நிக்கேன்" என்று சொல்லிவிட்டு, கோயில் மதில் நிழலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கார் விற்கிறவன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து புகழுவான். இந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. என்ன திமிர் என்று நினைத்தேன்.

நான் நூல் மில்லில் ஃபிட்டர். ஆயிரம் கதிர் சுற்றுகிற கூடத்தில் எந்தக் கதிர் எண்ணெய் கேட்கிறது என்று காதால் சொல்லிவிடுவேன். காரையும் அப்படித்தான் பார்த்தேன். பானெட்டைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் கேட்டேன். சத்தத்தில் ஒரு குறை இல்லை. கையால் தடவிப் பார்க்க வேண்டும், குனிந்து அடியைப் பார்க்க வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் ஊரில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் கெடாது. உப்புக்காற்று என்ன செய்யும் என்று மில்காரனுக்கு எப்படித் தெரியும்?

"வேற எதும் கேக்கணுமா வே?" என்று திரும்பி நின்றபடியே இரண்டு தடவை கேட்டார். எனக்குப் பொழுதோடு ஊர் திரும்ப வேண்டும். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஆர்.சி. புத்தகத்தக் குடுங்க" என்றேன். கொடுத்தார். படிவங்களில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பேரு எப்ப மாத்துவீரு?" அடுத்த வாரம் என்றேன்.

ஏழாம் மாதம், திருநெல்வேலிக்குப் போகும் வழியில், கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் மனைவி சொன்னாள்: "என்னங்க, கால்ல காத்து அடிக்கி."

"கண்ணாடிய ஏத்து."

"கண்ணாடி இல்லங்க, கீழ இருந்து வருது."

சொல்லிக்கொண்டே விரிப்பைக் குதிகாலால் ஒதுக்கி அழுத்தியிருக்கிறாள். தரை அப்பளம் மாதிரி உடைந்து கால் உள்ளே போய்விட்டது. நான் நிறுத்துவதற்குள் கணுக்காலில் ஒரு கீறல். வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஓட்டை வழியே தார் ரோடு ஓடியதைப் பார்த்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்றாள். அடுத்த பரிசோதனைக்கு இருந்தது பத்தே நாள்.

மறுநாளே அதே காரில் உவரிக்குப் போனேன். வழியெல்லாம் என்ன ஏசுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டே ஓட்டினேன். அவர் கரையில் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"துருப்பிடிச்ச வண்டிய விரிப்பப் போட்டு மூடி என் தலையில கெட்டிட்டீரு. மாசமா இருக்க என் பொண்டாட்டி காலு ரோட்டுல தேஞ்சிருக்கும்வே!"

அவர் முகம் செத்துப்போனது. "பிள்ளத்தாச்சிக்கு அடி உண்டா?" என்றார். இல்லை என்றதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: "துரு உண்டு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏம்வே சொல்லல?"

"நீரு கேக்கலயே."

கை ஓங்கப் பார்த்தேன். எப்படியோ அடக்கிக்கொண்டு, "வேற என்ன எழவெல்லாம் இருக்கு, சொல்லித் தொலையும்" என்று கத்தினேன். கத்தியதுதான் தாமதம், கையைத் துடைத்துக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்து விரல் மடக்கத் தொடங்கிவிட்டார். மழையில் இரண்டாம் கியர் விழாது. பின்பக்க இடது கதவு உள்ளிருந்து திறக்காது. ஒரு புயலின்போது கடல் ஏறி வண்டி சக்கரம் முங்க நின்றது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். இப்படிப் பதினொன்று. இரண்டு மாதம் ஓட்டிய எனக்கே அதில் பாதி தெரியாது. ஏமாற்றினவன் குரல் இல்லை அது. தப்புச் செய்துவிட்டோம் என்ற குரலும் இல்லை. கோபத்தை மறந்து அந்த மனுஷனையே பார்த்துக்கொண்டு நின்றேன். இது என்ன பிறவி?

"படகு விக்கும்போது விக்குதவன் வாயத் தொறக்கப்பிடாது வே. தொறந்தா ஏமாத்துதான்னு அர்த்தம். வாங்குதவன் தடவுவான், தட்டுவான், கேப்பான். கேட்டதுக்குப் பொய் சொன்னவன் மூஞ்சில இந்தக் கரையில ஒருத்தன் முழிக்க மாட்டான்" என்றார். பிறகு குரல் மாறியது. "நானும் உம்மகிட்ட ஒண்ணு கேட்டேன். பேரு எப்ப மாத்துவீருன்னு. அடுத்த வாரம்னீரு. எத்தன வாரமாச்சி?"

நான் மாற்றவில்லை. சோம்பேறித்தனம். அதோடு, அபராதம் வந்தால் விற்றவன் தலையில் விழட்டுமே என்ற சின்னப் புத்தியும் இருந்தது. அவர் தன் கைபேசியை நீட்டினார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை சிக்னலைத் தாண்டியது, பெல்ட் போடாதது, எல்லாம் அவர் பெயருக்கு வந்திருந்தன. சேரன்மாதேவியில் ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியை உடைத்துவிட்டு நிற்காமல் வந்தேனே, அதற்கு அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அரை நாள் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். புதுக் கண்ணாடி மாட்டிக் கொடுத்து முடித்துவிட்டு வந்திருக்கிறார்.

"என் பேரச் சொல்ல வேண்டியதுதானே?"

"வண்டி யார் பேர்லன்னு கேட்டான். என் பேர்லன்னேன். ஓட்டுனது யாருன்னு கேக்கல."

அதற்கு மேல் சண்டை ஓடவில்லை. வண்டியைத் திருப்பி எடுக்கச் சொல்லத்தான் போயிருந்தேன். அவர், "தரை என் பொறுப்பு, பேரு உம்ம பொறுப்பு" என்றார். படகின் விரிசலை ஒட்டுகிற ஆளைக் கூப்பிட்டார். துருவை எல்லாம் சுரண்டி, ஃபைபர் துணியை அடுக்கடுக்காக வைத்து, நாற்றமடிக்கிற பசையை ஊற்றி, காய்ந்ததும் மிச்சமிருந்த படகுப் பெயின்டை அடித்துக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை மில்லுக்கு லீவு போட்டுப் பெயரை மாற்றினேன். பத்தாம் நாள் மனைவி அந்த நீலத்தைக் குதிகாலால் மூன்று தடவை ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி எனக்குள் கிடந்து அரித்தது. அந்த விரிப்பு வெறும் விரிப்பா, மூடி வைத்ததா? அன்றைக்கு அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

இன்று மதியம் வந்தவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் அப்பாவுக்கு இடுப்பு முறிந்து நடக்க முடியவில்லையாம், அதற்குத்தான் கார் என்றான். சாவியைக் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றேன். எஞ்சினைக் கைபேசியில் படம் பிடித்தான். டயரை உதைத்தான். ஹாரன் அடித்தான். எனக்குச் சட்டென்று உறைத்தது: விரிப்பு சுவரோரம் இல்லை. காய்ந்ததும் நான்தான் எடுத்துப் பழைய இடத்தில் போட்டிருக்கிறேன். சுத்தமாகத் தெரியட்டும் என்று போட்டேன். வேறு எதையும் நினைத்துப் போட்டதாக ஞாபகம் இல்லை.

"வேற எதும் கேக்கணுமாலே?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, புத்தகத்தக் குடுங்க."

உவரிக்காரர் இந்த இடத்தில் கொடுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் ஏன் தீரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டு தடவை கேட்ட மனுஷன் இன்னும் நாலு எட்டு நடந்து வந்திருக்கலாம். நான் போய்க் கதவைத் திறந்து விரிப்பை இழுத்து வெளியே எறிந்தேன்.

அவன் குனிந்தான். "இது என்ன அண்ணாச்சி, நீலமா இருக்கு?"

"கேட்டுட்டேல்லா, உக்காரு" என்றேன். மழையில் விழாத இரண்டாம் கியரிலிருந்து விரல் மடக்க ஆரம்பித்தேன்.