சாம்பல் படகுக்குப் பின்னால்

லுமுட் ஜெட்டியிலிருந்து, அதாவது படகுத்துறையிலிருந்து, யாராவது அஸ்தி கரைக்கப் படகு எடுத்தால், கொஞ்சம் தள்ளிப் பின்னால் என்னுடைய ரப்பர் படகும் போகும். பாய்மரப் பந்தயம் நடக்கிற நாட்களில் மட்டும்தான். துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுக்கூட இருக்கிறார். மரியாதையெல்லாம் ஒன்றுமில்லை. அவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதனால் நான் பார்க்கிறேன்.

வார நாட்களில் எனக்கு ஜெட்டியில் வேலை. சுற்றுலா வருகிறவர்களைத் தீவுகளுக்கு ஏற்றிப் போகும் படகுகளை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் வளர்ந்து, கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்தவள். என் அப்பாவும் அம்மாவும் பால்மரத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. எனக்கு இன்றைக்கும் நீச்சல் சுமார்தான். ஆனால் மலாய்ப் படகுக்காரரை மலாயிலும், சீனரை ஹொக்கியனிலும், நம்ம ஆளைத் தமிழிலும் திட்டத் தெரியும். பந்தயம் நடத்துகிறவர்கள் என்னைத் தேடி வந்ததற்கு அதுதான் காரணம். கடல் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். இரண்டு ரப்பர் படகுகளும் ஒரு வாக்கி டாக்கியும் கொடுத்தார்கள்.

கரையிலிருந்து பார்த்தால் பாய்மரப் பந்தயம் நல்ல அழகு. நடுவில் நிற்கிறவளுக்கு அழகு பார்க்க நேரம் கிடையாது. ஒரு பக்கம் பங்கோர் ஃபெரி வந்துகொண்டிருக்கும், அது நினைத்த இடத்தில் நிற்காது. மறுபக்கம் ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் போய்விட்டுத் திரும்பும் மீன் படகுகள். அவர்களுக்கு மீன் கெடுவதற்குள் கரைக்கு வர வேண்டும், பந்தயமாவது ஒன்றாவது. அப்புறம் ஜெட்ஸ்கிகள். ஜெட்ஸ்கி ஓட்டுகிறவர்களைப் பற்றி நான் இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

பாய்மரக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: படகு கவிழ்ந்தால் படகை விடாதே. தண்ணீரில் தனியாக மிதக்கிற தலை யார் கண்ணுக்கும் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டும் ஆரஞ்சு, பாதை காட்டுகிற மிதவைகளும் ஆரஞ்சு. இதை மாற்றுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது, கேட்க ஆளில்லை. குறுக்கே போகும் மோட்டார் படகுகளுக்கு இன்னொரு விதி. படகில் ஒரு ஆள் பின்னால் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஓட்டுகிறவர் முன்னால் மட்டும்தான் பார்ப்பார். பாய்மரம் சத்தமே இல்லாமல் முதுகுப் பக்கம் வந்துவிடும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. கடைசிப் பந்தயம் மட்டும் பாக்கி. காற்று செத்துப் போய், படகுகள் எல்லாம் கண்ணாடி மேல் வைத்த பொம்மைகள் போல நின்றன. பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர், டத்தோ பட்டம் வாங்கியவர், கூடாரத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கமுந்திங்கிலிருந்து அந்த வேன் வந்தது.

இறங்கியவர்கள் மூன்று பேர். தலை மழித்த மகன், இறந்தவரின் அண்ணன், இறந்தவரின் மனைவி. மகன் கையில் சிவப்புத் துணி கட்டிய கலயம். ஜெட்டியில் அஸ்திக்கென்றே கூப்பிடப்படும் நம்ம படகுக்கார அண்ணன் அவர்களை என்னிடம் அழைத்து வந்தார்.

"அக்கா, இன்னிக்கு கடல மூடிட்டாங்கன்னு சொல்றாங்களே" என்றான் மகன்.

"மூடலப்பா. பந்தயம் நடக்குது. மத்தியானத்துக்கு மேல போலாம்."

"மேல முடியாது தங்கச்சி" என்றார் பெரியவர். "ராகு காலம் இப்பதான் முடிஞ்சிச்சு. உச்சிக்கு முன்ன கரைச்சிரணும். என் தம்பி நல்லபடியா போய்ச் சேரணும்."

எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. ஆளாளுக்கு ஒரு நேரம். டத்தோவுக்கு ஒன்று, ராகுவுக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. இதையெல்லாம் கோர்த்துக் கொடுப்பதற்கு நான் ஒருத்தி. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு ஆஸ்பத்திரில போனப்ப பக்கத்துல யாரும் இல்லம்மா. நான் சாப்பாடு வாங்க கீழ எறங்கிப் போயிருந்தேன். என்னைக் கூப்பிட்டாராம், நர்ஸ் சொன்னிச்சு. இதாச்சும் ஒரு கொறையும் இல்லாம முடியணும். வேற ஒண்ணும் கேக்கலம்மா."

அவர் அழவில்லை. ஒப்புவிப்பது மாதிரி சொன்னார். வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்திருப்பார் போல. அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை.

நடுவர் படகைக் கூப்பிட்டேன். காற்று வரும்வரை கடக்கலாம், வந்தால் காத்திருக்க மாட்டோம், டத்தோ இருக்கிறார் என்றார்கள். சரி என்றேன். படகுக்கார அண்ணனிடம், "அண்ணே, வடக்கு மிதவைய சுத்திப் போங்க. அங்கியே கரைச்சிட்டு நேரா கரைக்கு வந்துருங்க. பின்னால ஒரு ஆளு பாத்துக்கிட்டே வரணும், மறந்துராதீங்க" என்றேன்.

"எனக்குப் போயி சொல்லணுமா லா" என்று சிரித்தார்.

அஸ்தி கரைத்துவிட்டு வரும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் அப்பாவைக் கரைத்துவிட்டு வந்தபோது நானும் கரையை மட்டும் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அப்படி இருந்தும் அந்த நேரத்தில் இந்த இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று மோதும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. வேலை விஷயம் ஒரு பக்கம், சாமி விஷயம் ஒரு பக்கம் என்றுதானே நாம் இருக்கிறோம்.

அவர்கள் வடக்கு மிதவையை அடைந்து, கற்பூரம் கொளுத்துவது தூரத்தில் தெரிந்தது. அப்போது பார்த்துக் காற்று வந்தது. சும்மா வரவில்லை, தென்மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. நடுவர்கள் உடனே கொம்பை ஊதிவிட்டார்கள். பாய்கள் எல்லாம் உப்பிக்கொண்டு பாய்ந்தன. முதல் சுற்று முடிவதற்குள் ஓங்கி ஒரு வீச்சு. தெற்குப் பக்கம் வரிசையாகப் படகுகள் கவிழ்ந்தன. என் இரண்டு ரப்பர் படகுகளும் அங்கே ஓடின. ஒவ்வொருவராகப் பிடித்து, நிமிர்த்தி, ஏறு ஏறு என்று கத்தி, என் தொண்டை போய்விட்டது.

தலை தூக்கிப் பார்த்தபோது வடக்கே ஒரு படகு தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொள்கிறது, உள்ளே ஆள் இல்லை. கவிழ்ந்து, தானே நிமிர்ந்து, ஆளை விட்டுவிட்டுக் காற்றோடு கிளம்பியிருக்கிறது. அந்த ஆள் எங்கே என்று தேடினேன். அலை மேல் ஆரஞ்சு தெரிந்தது, அது மிதவை. இன்னொரு ஆரஞ்சு, அதுவும் மிதவை.

அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு படகு. சாம்பல் கரைத்துவிட்டுத் திரும்பும் படகு.

படகுக்கார அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அவர்கள் பக்கம் படகைத் திருப்பி விரட்டினேன். எழுந்து நின்று, படகில் இருந்த எச்சரிக்கைக் கொடியை ஆட்டினேன். யாருக்கு ஆட்டுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். அண்ணனின் முதுகு, பெரியவரின் வெள்ளைச் சட்டை முதுகு, மகனின் மழித்த பின்னந்தலை. பள்ளிக்கூடச் சபைக்கூடலில் தலைமையாசிரியர் பேசும்போது நிற்கிற பிள்ளைகள் போல எல்லாரும் நேரே கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகின் கடைசியில் அந்த அம்மாளின் சேலைத் தலைப்பு பறந்தது. படகு வேகம் எடுத்தது. நான் அவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். காற்று எல்லாவற்றையும் என் வாய்க்கே திருப்பி அனுப்பியது.

அப்போது அந்த அம்மாள் திரும்பினார்.

லேசாகக் கழுத்தைத் திருப்பவில்லை. உடம்போடு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு ஓடுகிற படகில் எழுந்து நின்று, முன்னால் சாய்ந்து, அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். படகு தடுமாறியது, வேகம் குறைந்தது, வளைந்து திரும்பியது. அது நேரே போய் நின்ற இடத்தைப் பார்த்த பிறகுதான் அந்தச் சின்னத் தலை என் கண்ணுக்கும் தெரிந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் மகன் அந்தப் பெண்ணைப் படகுக்குள் இழுத்துப் போட்டிருந்தான். தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழக அணியில் வந்திருந்த மலாய்ப் பெண். பாயின் அடிக்கட்டை நெற்றியில் அடித்துப் பிடி நழுவியிருக்கிறது. நெற்றியில் ரத்தம், உதடு வெளுத்துப் போய், தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தாள். சடங்கு முடிந்து குளிப்பதற்கு எடுத்து வந்திருந்த துண்டால் அந்த அம்மாள் அவளைச் சுற்றிக் கட்டி மடியோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அலையில் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் யோசிப்பதில்லை.

ஜெட்டிக்கு வந்ததும் அவளை ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஏறும்வரை அந்த அம்மாளின் கையை அவள் விடவில்லை. அப்புறம் மற்றவர்களுக்கு ஆளுக்கொரு தே ஓ, பால் விடாத தேநீர், வாங்கிக் கொடுத்துவிட்டு, படகுக்கார அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"பின்னால பாக்க சொன்னேனா இல்லியா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "கேட்டிச்சு தங்கச்சி. சத்தம் கேட்டிச்சு."

"கேட்டுமா வேகம் வச்சீங்க?"

"கரைச்சிட்டு வாரப்ப பின்னால கூப்பிட்டா என்னா பண்றது? எத்தன வருசமா இந்த வேல செய்யறேன், ஒரு தடவகூட திரும்பினதில்ல. கடல்ல கூப்பிடுறது எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது."

மகனும் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. பெரியப்பா, "யாரும் திரும்பாதீங்க, அப்படித்தான் கூப்பிடும்" என்றிருக்கிறார். இவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறான். படகில் அத்தனை பேர் காதிலும் ஒரு பெண் கத்துவது விழுந்திருக்கிறது, அவர்கள் பாட்டுக்குக் கரையைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன மனிதர்களய்யா என்று கேட்க வந்தேன். என் அப்பாவைக் கரைத்த அன்று எனக்குப் பின்னால் யாராவது கத்தியிருந்தால் நான் திரும்பியிருப்பேனா என்று ஒரு கேள்வி குறுக்கே வந்தது.

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. கையில் இருந்த தே ஓ ஆறிப்போயிருந்தது.

"அந்தப் பொண்ணு பொழைச்சது நல்லதுதான், இல்லேங்கல" என்றார் அந்த அம்மாளிடம். "ஆனா நீ திரும்பிட்டியேம்மா. கொறை வந்துருச்சே. என் தம்பி இனி எப்படிப் போவான்? மறுபடியும் ஐயர கேட்டு என்னா செய்யணுமோ செய்யணும்."

அந்த அம்மாளின் சேலை முழங்கால்வரை நனைந்து, அந்தப் பெண்ணின் ரத்தமும் பட்டிருந்தது. அவர் தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் அந்தப் பொண்ணுன்னு நெனச்சி திரும்பல மச்சான்" என்றார். "அவருன்னு நெனச்சித்தான் திரும்பினேன்."

கூடாரத்துப் பக்கம் டத்தோ பேசுவது ஒலிபெருக்கியில் கேட்டது.

"நீங்க அப்படித்தான் கூப்பிடும்னு சொன்னப்பவே அவருதான்னு முடிவு பண்ணிட்டேன். ஒரு தடவ கூப்பிட்டப்ப நான் இல்ல. சாப்பாடு வாங்கப் போயிட்டேன். இன்னொரு தடவ கூப்பிடுறப்பவும் கேக்காத மாதிரி போறதா? என்னா கொறை வந்தாலும் வரட்டும்."

வாக்கி டாக்கியில் நடுவர்கள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்னும் தண்ணீரில் இருந்த படகுகளைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். நான் பதில் சொல்லாமல் அதை நிறுத்திவைத்தேன். வேலை நேரத்தில் அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிச் செய்ததில்லை.

பெரியவர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐயரைப் பற்றி மறுபடியும் பேச்செடுக்கவில்லை. மகன் அம்மாவின் கையைப் பிடித்து வேன்வரை கூட்டிப் போனான். சடங்கு முடிந்து போகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்ல மாட்டார்கள் என்பதால் நானும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றேன்.

வேன் கிளம்பியது. பெரியவரும் மகனும் நேரே முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பின் இருக்கையில் இருந்த அந்த அம்மாள் கண்ணாடி வழியாக என் பக்கம் திரும்பி, வேன் முச்சந்தியில் வளையும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனார்.