சாயத் தொட்டியில் ஒரு தாமரை

பங்கஜம் என்ற பெயருக்கு அர்த்தம் உண்டு என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அது அத்தையின் பெயர், அவ்வளவுதான். கைபேசியில் ஓயாமல் உபன்யாசம் கேட்கும் பெரியப்பாதான் ஒருநாள் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பங்கம் என்றால் சேறாம். சேற்றில் பிறந்ததால் தாமரைக்குப் பங்கஜம் என்று பெயராம். கண்டுபிடித்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

அத்தை அப்போது திருப்பதியிலிருந்து மாமாவிடம் கோபித்துக்கொண்டு நகரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா அடிக்கிறவர் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அத்தையின் முழங்கையில் இருந்த தழும்பைக் கஞ்சி கொட்டியது என்றார்கள், நானும் நம்பினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா தலை பின்னினால் வலிக்கும், அத்தை பின்னினால் வலிக்காது. அதனால் அவள் திரும்பிப் போகக் கூடாது. அவளுடைய போன் அடிக்கும்போதெல்லாம் மாமாவோ என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

“தாமர சேத்துலதான் பொறக்குது. அதுக்கோசரம் கொளத்த வுட்டு ஓடிப் பூடுதா? எங்க வெச்சாலும் பூக்கும். உம் பேரே அதும்மா,” என்றார் பெரியப்பா.

சொன்னதோடு நிற்காமல் பிச்சாட்டூர்ப் பக்கம் போய் ஒரு தாமரைக் கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். நல்ல வண்டல் எடுக்க வயலுக்கு யார் போவது? கொல்லையில் நூலுக்குச் சாயம் போட்ட பழைய சிமெண்ட் தொட்டி கிடந்தது. அதன் அடியில் கறுகறுவென்று கசடு. சேறு சேறுதானே என்று அதிலேயே கிழங்கை ஊன்றித் தண்ணீர் விட்டார். பிறகு என் அப்பாவை, நைனாவை, வைத்துக்கொண்டு ஒரு பேச்சும் பேசினார். இது பூத்தால் அத்தை மறுபேச்சில்லாமல் திருப்பதிக்குக் கிளம்ப வேண்டும். நைனா தறியை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

“சரிண்ணா. பூத்தா போறேன்,” என்றாள் அத்தை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்குக் கிளம்பும்போது தொட்டியை எட்டிப் பார்ப்பேன். வந்த காலோடு பார்ப்பேன். சாப்பாட்டுக்கு நடுவில் எச்சில் கையோடு ஓடிப் பார்ப்பேன். செடி செத்துப்போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். தாமரைமேல் உட்கார்ந்திருக்கும் திருச்சானூர்த் தாயாரிடமே தாமரை சாகட்டும் என்று கேட்பது சரியாகப் படவில்லை, அதனால் பிள்ளையாரிடம் கேட்டேன். அவரோ காது கொடுக்கவில்லை. ஒருநாள் சுருண்டிருந்த இலை ஒன்று தண்ணீருக்கு மேலே வந்து தட்டு மாதிரி விரிந்தது. பெரியப்பா தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த மத்தியானம்தான் அதைப் பார்த்தேன். அத்தை தொட்டியிலிருந்த கலங்கல் தண்ணீரைச் சொம்பால் மொண்டு மொண்டு வெளியே கொட்டினாள். குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்றினாள். இலையின் அடியில் ஒட்டியிருந்த கசடை முந்தானையால் துடைத்தாள்.

“இன்னா அத்த பண்ற?”

“மூச்சு முட்டிக்கினு கெடக்குது பாரு. யாருகிட்டயும் சொல்லாத.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் இவளுக்காகப் பிள்ளையாரிடம் நடையாய் நடக்கிறேன், இவள் என்னடாவென்றால் கிளம்புவதற்கு வழி பண்ணுகிறாள்! அன்று சாயங்காலம் வேண்டுமென்றே அம்மாவிடம் போய்த் தலையைக் கொடுத்தேன். வலித்தது.

எவ்வளவு தண்ணீர் மாற்றியும் இலையின் ஓரம் கருகத் தொடங்கியது. அடுத்த இலை சுருள் பிரியாமலே அழுகியது. பெரியப்பா கிழங்கைப் பிடுங்கிப் பார்த்தார். கூழாகக் கையில் வந்தது.

“சாயக் கசடு. இதுல எதும்மா பொழைக்கும்?” என்று அவரே அலுத்துக்கொண்டார்.

“அதுவும் சேறுதானேண்ணா,” என்றாள் அத்தை.

பெரியப்பா கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் நின்றார். நைனாதான் கடைசியில், “நீ எங்கியும் போவத் தேவல,” என்றார். சில மாதங்களில் அத்தை ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், திருப்பதிப் பேச்சே எழவில்லை.

ஆனால் கிழங்கைப் பிடுங்கிய அன்றைக்கு, எல்லோரும் உள்ளே போன பிறகு, ஜெயித்த சந்தோஷத்தில் நான் கொல்லைக்கு ஓடினேன். அத்தை தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். போக வேண்டாம் என்றுதான் ஆகிவிட்டதே, அப்புறம் ஒரு செடிக்கா இத்தனை அழுகை? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவமாக மட்டும் இருந்தது.

“அழுவாத அத்த. பெரியப்பாகிட்ட சொல்லி, இதே தொட்டியில வெக்கிறதுக்கு வேற கெழங்கு எடுத்தாறச் சொல்றேன்,” என்று அவளைத் தேற்றினேன்.