மேலங்கியோடு நின்ற தகப்பன்

ஏழு வருடங்களுக்கு முன், சுவிஸ் நாட்டின் எம்மன்புரூக்கேயில் என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. ஒன்பதாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் தாங்கள் செய்த ஆய்வைப் பெற்றோர் முன் சொல்ல வேண்டும். நான் வேலை உடுப்போடு தொழிற்சாலையிலிருந்து நேரே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

மகள் எடுத்திருந்தது நூறு வருடங்களுக்கு முந்திய ஓர் ஆங்கிலேய நீச்சல் வீராங்கனையின் கதை. பஞ்சாலையில் வேலை செய்தவள். வேலை முடிந்த பிறகு பொதுக் குளத்தில் பயிற்சி. ஒரு பெண் நீச்சலுடையில் ஆண்கள் முன் நிற்பதா என்று ஊர் ஏசியது. அதனால் போட்டி நாட்களில் அவளுடைய தகப்பன் மேலங்கியோடு குளக்கரையில் நிற்பாராம். குதிக்கும் வரை அவளைப் போர்த்தியிருப்பார், கரையேறியதும் மறுபடி போர்த்துவார். வெளிநாடு போய்ப் பதக்கமும் வென்றாள். பிறகு போர் வந்து குளங்களை மூடிவிட்டார்கள். அவளுடைய நல்ல வயது அதோடு போயிற்று.

என் மகளும் நீந்தியவள்தான். நீச்சல் கழகத்தில் அவள் வயதில் அவளை முந்த ஆளில்லை. அவள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு முடிந்த கையோடு, "இனியும் இந்த உடுப்போட விடப்போறியளோ?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். விளையாட்டுப் பள்ளிக்கான படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அவள் அழவில்லை. நீச்சல் பையை அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தாள், அவ்வளவுதான்.

மகள் பேசி முடித்ததும் ஆசிரியை, "நீயும் நன்றாக நீந்தினாயே, ஏன் விட்டாய்?" என்று எல்லோர் முன்னும் கேட்டார்.

"எனக்கு அலுத்துப்போச்சு" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஏன் பிள்ளை பொய் சொன்னனீ?"

"உண்மையைச் சொன்னா எல்லாரும் திரும்பி உங்களைப் பாத்திருப்பினம், அப்பா."

அடுத்த நாளே பயிற்சியாளரிடம் போனேன். வரட்டும், ஆனால் இந்த வயதில் ஒன்றரை வருடம் விட்டது பெரிய இடைவெளி என்றார் அவர். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்.

"வேண்டாம் அப்பா. முந்தி எனக்குப் பின்னால வந்த பிள்ளையளுக்குப் பின்னால இப்ப நான் நீந்தோணும்."

இன்று அவள் ஒரு மருத்துவமனையில் தாதி. என்னோடு எல்லாம் கதைப்பாள், நீச்சலைத் தவிர. நாலு சொந்தக்காரர் முன் நான் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை பேர் முன் அவள் என் மானத்தைக் காத்தாள் என்பதை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.