ஆர்லீன் வரைந்த கல்

எதையும் வெட்டுவதற்கு முன் ஆர்லீன் அதை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்ப்பாள். இருபத்தேழு வருடமாகக் கவனிக்கிறேன். பிறந்தநாளுக்கு, பருப்பும் பாகும் நிரப்பிச் சுட்ட பீக்கன் பை என்ற இனிப்பு வந்தால்கூட, கத்தியைப் பிடித்தபடி தட்டை மெல்லத் திருப்புவாள். "படம் வரைஞ்சு முடிச்சுட்டு வெட்டு தாயி, நாங்க பட்டினி கிடக்கோம்" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

டெக்ஸாஸில் நிலாவிலிருந்து கொண்டுவந்த கற்களை வைத்திருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவள் கல் உடைப்பவள். நான் தரை துடைக்கிறேன், வெள்ளை உடுப்புகளை எடுத்துக் கொடுக்கிறேன். கற்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டியோடு ஒட்டிய தடித்த கையுறைக்குள் கையை விட்டு உளியால் தட்டுவாள். அதற்கு முன் கல்லைப் பென்சிலால் வரைந்து, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்வாள். புகைப்படம் போதும் என்று சொல்லியும் அவள் விடவில்லை.

ஒரு கோடையில், எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கல் ஒன்றிலிருந்து இரண்டு துண்டுகள் ஆராய்ச்சிக்காக டாக்டர் ஹால்வர்சன் என்பவருக்குப் போயின. ஒன்றில் டைட்டானியம் மற்றதைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. இவை ஒரே கல்லாக இருக்க முடியாது, அனுப்பியவர் மாற்றிவிட்டார் என்று அவர் எழுதிவிட்டார். உண்மை தெரியும்வரை ஆர்லீன் பெட்டிப் பக்கம் போகக்கூடாது என்றார்கள் மேலதிகாரிகள். கல்லை மாற்றியவள் என்று பெயர் வந்தால் அந்த வேலை அவளுக்கு இல்லை. என் அறையில் உட்கார்ந்து வெள்ளை உடுப்புகளின் தொப்பிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

சோதனைக்கு அரைத்தது போக மிச்சமிருக்கும் துண்டுகளோடு டாக்டரை வரச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாள். வந்தார். அவள் தன் படத்தை விரித்தாள். துண்டுகளைக் கண்ணாடிக்கு வெளியே பிடித்து, உள்ளே இருந்த கல்லின் உடைந்த முகத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் அவள் குறித்த இடங்களோடு ஒத்துப்போயின. டைட்டானியம் கூடுதலாக வந்த துண்டு இருந்த ஓரத்தில் அந்த உலோகம் அடங்கிய கறுப்பு மணிகள் கூட்டமாகக் கிடந்தன. மற்றது இருந்த இடத்தில் அங்கொன்று இங்கொன்றுதான்.

"ஒரு பீக்கன் பையில ஒரு பக்கம் பருப்பா விழும், ஒரு பக்கம் வெறும் பாகா இருக்கும், டாக்டர். அதுக்காக ரெண்டு பைன்னு சொல்லுவீங்களா?"

அவர் மறுபடி கண்ணாடி வழியே அந்த ஓரத்தைப் பார்த்தார். "அரைக்கிறதுக்கு முன்னாடி நான்தான் பார்த்திருக்கணும், ஆர்லீன். தப்பு என்னோடதுன்னு எழுதித் தர்றேன்."

எழுதியும் தந்தார்.

இப்போது அந்தக் கல்லில் துண்டு கேட்பவர்களுக்கு அவளுடைய படத்தின் நகலும் போகிறது. ஆர்லீனுக்கு அறுபத்து மூன்று வயது. அதே பெட்டியில்தான் வேலை. வலது முழங்கால் வலிப்பதால் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன்.