எழுத்தில் இல்லாத நான்கு மாதங்கள்

என் ஆராய்ச்சிப் படிப்பைக் குழியில் தள்ளிய வரியை டைப் செய்தவள் நானேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள். எனக்கு இப்போது அதைக் கேட்டால் சிரிப்பு வருவதில்லை.

தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். கணவர் ஓய்வு பெற்றதும் அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய நேர்ந்த பெண்களைப் பற்றிய ஆய்வு. அப்பா ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசராக இருந்தவர். நான் வளர்ந்தது லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில். வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், படியிறங்கினால் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் இரண்டும் கலந்த ஒரு கூட்டு. ஓய்வு பெற்றதும் அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டைக்குத் திரும்பினார்கள். அப்பா அங்கேயே காலமானார். நான் மட்டும் மயூர் விஹாரில் ஒரு சின்ன ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தேன்.

என் கைடும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். முதல்நாள் நேர்காணலில் மற்ற பேராசிரியர்கள் எழுந்து போன பிறகு, “பாளையங்கோட்டையில எந்தத் தெரு?” என்று கேட்டார். அவ்வளவுதான், நான் உருகிவிட்டேன். அந்தக் கட்டடத்தில் என் வீட்டுத் தமிழைப் பேச ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய சொத்து கிடைத்த மாதிரி இருந்தது. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. அறைக்கதவு திறந்திருந்தால் இங்கிலீஷ், சாத்தியிருந்தால் தமிழ். கதவு சாத்தியிருக்கும்போது சொல்வதுதான் நிஜம் என்று ஐந்து வருடம் நம்பினேன். மண்டு.

ஐந்தாம் வருடம் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிப் படிப்புக்கான விதிகளைப் புதிதாக எழுத ஒரு குழு போட்டது. அதில் அவரும் இருந்தார். ‘விளக்கங்கள்’ என்ற முதல் பகுதி அவர் பொறுப்பில் வந்தது. கைடுக்கு வரும் வேலை மாணவர் தலையில் விழும். இது எல்லாத் துறையிலும் உள்ளதுதான், யாரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“நீ செக்ஷன் ஆபீசர் மவ. இந்தப் பாஷை உனக்குக் கைவந்ததுல்லா. உக்காந்து ஒரு டிராஃப்ட் போடு.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று வாரம் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஆய்வாளர் என்றால் யார், வழிகாட்டி என்றால் யார், முழுநேரம் என்றால் என்ன, விடுப்பு என்றால் என்ன. ஒரு சொல்லுக்குள் யாரை விடலாம், யாரை வெளியே நிறுத்தலாம் என்று முடிவு செய்வதில் ஒரு போதை இருக்கிறது. ஆய்வுக் குழு எழுத்து மூலம் முன்கூட்டியே ஒப்புதல் தந்தது மட்டுமே விடுப்பு என்று எழுதினேன். அப்படி ஒப்புதல் இல்லாமல் தொடர்ந்து தொண்ணூறு நாளுக்கு மேல் வராத முழுநேர ஆய்வாளரின் பதிவு தானாகவே காலாவதியாகும் என்றும் எழுதினேன். ‘முன்கூட்டியே’, ‘தானாகவே’ இரண்டும் நான் சேர்த்தவை. அவர் படித்துப் பார்த்துவிட்டு, “ஒரு ஓட்டை இல்ல பாத்துக்க” என்றார். அன்றைக்குக் கேன்டீனில் எனக்கு பிரெட் பகோடா வாங்கித் தந்தார்.

விதிகள் அமலுக்கு வந்த அதே வருடம், அம்மா பாளையங்கோட்டையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும். நான் ஒரே பெண். விடுப்புக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினேன். அவர் கதவைச் சாத்தினார். கடிதத்தைப் படித்து, இரண்டாக மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இது எதுக்கு? இதக் குடுத்தா குழுவுக்குப் போவும். அவனுவ ஆஸ்பத்திரிச் சீட்டு கேப்பானுவ, மீட்டிங் வைக்கவே ரெண்டு மாசம் இழுப்பானுவ. நீ போய் அம்மாவப் பாரு. இங்க நான் இருக்கம்லா.”

“சார், முன்கூட்டியே எழுத்துல வேணும்னு நாமதான போட்டோம்?”

“ரூல்லாம் ஊருக்கு. நீ நம்ம வீட்டுப் புள்ள.”

கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பார். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டால்கூட நகல் எடுத்து ஃபைலில் வைக்கிற மனிதர். அவர் பெண்ணான நான், நான்கு மாதத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் கிளம்பினேன். என்னத்தைச் சொல்ல, ஊர்ப்பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

அந்த நான்கு மாதமும் பத்து நாளுக்கு ஒருமுறை அவரே போன் செய்தார். “அம்மா எப்டி இருக்கா? நடக்காளா?” என்று கேட்பார். கடைசி அத்தியாயத்தை மெயிலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். “வந்து கையில குடு, அவசரம் ஒண்ணுமில்ல” என்றார். அப்போதே மனதில் ஏதாவது வைத்திருந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் ஒரு கையில் பெட்பேனும் மறுகையில் மடிக்கணினியுமாக ஆய்வேட்டை எழுதி முடித்தேன். அம்மா கம்பை ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு மயூர் விஹாருக்கு வந்தேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் படிவம் வாங்கப் போனபோது, ஆராய்ச்சிப் பிரிவு கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “மேடம், ஆப்கா ரெஜிஸ்ட்ரேஷன் தோ லேப்ஸ் ஹோ கயா” என்றார். பதிவு காலாவதியாகிவிட்டதாம். ஏதோ தவறு என்றேன். அவர் மாதாந்திர வருகை அறிக்கைகளை எடுத்துக் காட்டினார். கைடுகள் மாதாமாதம் கையெழுத்துப் போட்டு அனுப்பும் தாள்கள். நான்கு மாதமும் என் பெயருக்கு நேரே ‘வரவில்லை, தகவல் இல்லை’. நான்கிலும் என் கைடின் கையெழுத்து. என்னோடு போனில் பேசி முடித்த கையோடு போட்ட கையெழுத்தாகக்கூட இருக்கும்.

“லிக்கித் மே குச் ஹை க்யா?” என்று கேட்டார் கிளார்க். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று. பாவம், நல்ல மனிதர்தான்.

காரணம் ஒரு வாரத்தில் அறிவிப்புப் பலகையிலேயே வந்துவிட்டது. ஒரு வழிகாட்டியின் கீழ் எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் விதி. என் பதிவு போனதும் அவரிடம் ஒரு இடம் காலி. அந்த இடத்தில், நிர்வாகத்தில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவரின் மருமகள். கூட இருந்தே குழி பறிப்பது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மேல்முறையீடு செய்தேன். நீள மேஜையைச் சுற்றி ஐந்து பேர், அதில் அவரும் ஒருவர். இந்த மாணவி ஊருக்குப் போனது உங்களுக்குத் தெரியுமா என்று தலைவர் அவரைக் கேட்டார். தனக்கு எந்தத் தகவலும் இல்லை என்று அவர் சுத்தமான இங்கிலீஷில் சொன்னார். என் வாயில் வந்தது தமிழ்தான்.

“சார், நீங்கதான போவச் சொன்னிய?”

என்ன சொல்கிறாள் என்று தலைவர் அவரிடமே கேட்டார். அவர் என் முகத்தைப் பார்க்காமல், தாய்க்கு உடம்பு சரியில்லாமல் போனதாகச் சொல்கிறாள் என்று மொழிபெயர்த்தார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாதா? முந்நூறு பக்கம் அதில்தான் எழுதி வைத்திருக்கிறேன். தண்ணீர் குடித்துவிட்டு இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னேன். கிளார்க் கேட்ட கேள்வியையே தலைவரும் கேட்டார். எழுத்தில் இருக்கிறதா? பிறகு என் கைடு மெதுவாக இன்னொன்று சொன்னார். இந்த விதி தெரியாது என்று இவள் சொல்ல முடியாது, வரைவு தயாரிக்க உதவியவளே இவள்தான். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அத்தோடு முடிந்தது.

வேண்டுமானால் முதலிலிருந்து புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். நுழைவுத்தேர்வு, நேர்காணல், ஐந்து வருடம் எல்லாம் மறுபடியும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பது தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவைத்தேன். ஆனால் குழுவின் முடிவு தபாலில் வீட்டுக்கு வந்தது. செக்ஷன் ஆபீசர் பெண்டாட்டிக்கு அரசாங்கக் கடிதம் படிக்கத் தெரியாமல் இருக்குமா? நான் வெளியே போய்விட்டு வந்தபோது அவள் பால்கனி நாற்காலியில் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். கடிதம் மடியில் கிடந்தது.

“எனக்குப் பண்டுவம் பாக்க வந்துதான இது போச்சு?” என்றாள்.

“அதெல்லாம் இல்லம்மா. அந்த ஆள் பண்ணின துரோகம்.”

அவள் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, நான் அன்னைக்கே போய்ச் சேந்திருந்தேன்னு வையி. பதினாறாம் நாள் காரியத்த முடிச்சுட்டுத் திரும்பியிருப்ப. தொண்ணூறு நாள் ஆயிருக்காதுல்லா?”