மூன்றரை மணி நடனம்

நிகழ்ச்சி விவரம் பார்க்கவும் தனிக் கட்டணமா என்று யாழ்ப்பாணத்து உடுவிலில் நாங்கள் பலர் கேபிள்காரரோடு சண்டை பிடித்தோம். முன்னுக்கு நின்றவள் நான்தான். கடைசியில் தொலைக்காட்சித் திரையிலேயே அதை இலவசமாகத் தந்தார்கள்.

போன ஆனியில் ஒரு நாள் காலை பக்கத்து வீட்டுச் செல்லையா அண்ணை வந்து, "தங்கச்சி, பிரான்சிலை இருக்கிற என்ரை பேத்தி ரீவியிலை ஆடுறாளாம். எத்தினை மணிக்கெண்டு பாரும்" என்றார்.

திரையில் பிற்பகல் 3.30 என்று இருந்தது. பிரான்ஸ் நிகழ்ச்சி என்றால் அங்கத்தைய நேரம்தான் என்று நினைத்து, அதோடு மூன்றரை மணித்தியாலம் கூட்டியே பழகியவள் நான். "ஏழு மணிக்கு வாங்கோ அண்ணை" என்றேன்.

குளித்து, வெள்ளை வேட்டியோடு ஆறரைக்கே வந்து உட்கார்ந்தார். ஏழு மணிக்குச் செய்திதான் ஓடியது. அப்போதுதான் விவரப் பட்டியலின் மூலையில் ‘இலங்கை நேரம்’ என்று சின்னதாக இருந்ததைக் கண்டேன். நடனம் எப்போதோ முடிந்திருந்தது. நான் வாய் திறக்குமுன் அவருடைய கைபேசி அடித்தது.

"தாத்தா, என்ரை உடுப்பு என்ன நிறம், சொல்லுங்கோ பாப்பம்?"

அண்ணை என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "எந்த நிறத்திலையும் நீ வடிவுதானம்மா" என்றார்.

இப்போது யாருக்கு நேரம் பார்த்துச் சொன்னாலும், அது எந்த நாட்டு நேரம் என்றுதான் முதலில் தேடுகிறேன். அண்ணை மட்டும் அதற்குப் பிறகு என்னிடம் நேரம் கேட்டு வரவில்லை.