எங்கேயும் போகாத கேமரா

என் அக்கா வேலை பார்க்கும் கடையில் நேரலைக் கருவிகள் விற்கிறார்கள். மேடையில் நடப்பதை நாலைந்து கேமராக்களில் எடுத்து, அப்போதைக்கப்போதே கலந்து, வீட்டில் இருப்பவர்களுக்கு அனுப்புகிற கருவிகள். எதை வாங்கலாம் என்று சொல்வது அக்கா. வாங்கியது மக்கர் செய்தால் போனில் திட்டு வாங்குவதும் அக்காதான். அதே கடையின் பின்னறையில் நான் கேபிள் சுற்றுகிறேன். நடுவில் ஒரு துணித்திரை மட்டும் இருப்பதால், அங்கே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள்.

"எத்தனை கேமரா போட்டா நல்லா இருக்கும்?"

"யார் ஓட்டப் போறாங்க?" என்பாள் அக்கா.

"அதெல்லாம் பசங்க பாத்துப்பாங்க."

"எந்தப் பசங்க?"

"பசங்கதாம்மா. நம்ம பசங்க."

அவர்கள் போனதும் அக்கா திரையை விலக்கி என்னிடம் வருவாள். "இந்தப் பசங்கள நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லடி. கடவுள் மாதிரி. எல்லாரும் சொல்றாங்க, ஒருத்தரும் கண்ணுல காட்ட மாட்டேங்கிறாங்க."

மூன்று கேமரா போதும், மூன்றும் ஒரே வகையாக இருக்கட்டும், மிச்சத்தை நல்ல கேபிளில் போடுங்கள் என்று அவள் மன்றாடுவாள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு பக்கத்து மண்டபத்துக்காரன் ஐந்து வைத்திருக்கிறான் என்று ஆறு வாங்குவார்கள், அதிலும் ஆறு வகை. நிகழ்ச்சி தொடங்கின பிறகு போன் வரும். "மேடம், படம் கருப்பா இருக்கு, என்ன பெட்டிய குடுத்தீங்க?" லென்ஸ் மூடியை எடுத்தாயிற்றா என்று கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்புறம் போனே கட்டாகிவிடும். மூடியை எடுத்துவிட்டார்கள் என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

அக்கா பொறுமைசாலி இல்லை. போனில் தேன் ஒழுகப் பேசிவிட்டு, வைத்ததும் மேசையைக் குத்துவாள். ஆனால் ஒரே ஒரு அரங்கத்துக்குக் கருவி தேர்ந்தெடுத்தபோது மட்டும் அவள் யாரையும் திட்டவில்லை. அது காது கேளாதோர் சங்கத்தின் அரங்கம். எங்கள் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தூரத்து ஊரில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிறான். சங்கத்தில் நடப்பதை அவன் நேரலையில்தான் பார்ப்பான். அதனால் நிகழ்ச்சி நாட்களில் அக்காவும் நானும் அங்கே கருவி மேசைக்கு உதவப் போய்விடுவோம்.

அந்த அரங்கத்துக்கு அக்கா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கேமரா மேடைக்கு. இன்னொன்று கூட்டத்துக்கு. மூன்றாவது, பேச்சைச் சைகையில் சொல்லும் அம்மாவுக்கு மட்டும். அது அசையவே கூடாது. அதன் படம் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டமாக எப்போதும் இருக்க வேண்டும். இந்தப் படங்களையெல்லாம் கலக்கும் ஸ்விட்சர் பெட்டிக்கு கேபிள் சொருக எட்டு வாய் இருந்தால் நல்லது என்றாள். சங்கத்தால் நாலு வாய்ப் பெட்டிதான் வாங்க முடிந்தது. மூன்று கேமரா, பேச வருபவரின் லேப்டாப், நாலும் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு பெரிய மனிதர் நாலாவது கேமராவை நன்கொடையாகக் கொண்டுவந்தார். யாரும் அக்காவைக் கேட்கவில்லை. மைத்துனர் கடையில் வாங்கியிருந்தார். அதன் வயிற்றில் அவருடைய அப்பா பெயரைப் பொன்னெழுத்தில் ஒட்டியிருந்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் கேமரா ஐயா.

"ஐயா, இதுக்குப் பதிலா பெரிய ஸ்விட்சர் ஒண்ணு மாத்தித் தந்தீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்" என்று அக்கா கேட்டுப் பார்த்தாள்.

"அது எங்கம்மா இருக்கும்?"

"மேசைக்கு அடியில."

"மேசைக்கு அடியில எங்கப்பா பேர ஒட்டவா?"

பேச்சு அதோடு முடிந்தது. அந்தக் கேமராவின் படத்தில் பச்சை தூக்கலாக இருந்தது. அதில் தெரிந்தவர்கள் எல்லோரும் வாந்தி எடுக்கப் போகிறவர்கள் போலிருந்தார்கள். லேப்டாப் வரும் நாட்களில் வாய் போதாமல் அதன் கேபிளைத்தான் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றினால் அதன் தலையில் இருக்கும் சிவப்பு விளக்கு எரியாது. இந்தக் கேமராதான் இப்போது வெளியே போகிறது என்பதற்கான விளக்கு அது. கேமரா ஐயா முன்வரிசையில் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். அணைந்திருந்தால், நிகழ்ச்சி நடுவிலேயே எழுந்து கருவி மேசைக்கு வந்துவிடுவார்.

"ஏன் என் கேமராவக் காட்டல?"

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒவ்வொரு வாரமும். கடைசியில் அக்கா தனியாக ஒரு சிவப்பு பல்பை அந்தக் கேமராவின் தலையில் ஒட்டி, போன் சார்ஜரில் சொருகிவிட்டாள். கேமரா எதோடும் சேரவில்லை. விளக்கு மட்டும் எப்போதும் எரிந்தது. கேமரா ஐயா சாந்தமானார். அவர் மனைவி நல்ல புடவையில் வந்து அதற்கு நேராக உட்கார ஆரம்பித்தார். வழக்கமாகச் சைகை சொல்லும் அம்மாவிடம் அக்கா விஷயத்தைச் சொல்லிவைத்திருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே சரியான கேமராவைப் பார்த்துச் சொல்லுவார்.

பிறகு ஒரு பெரிய தொழிற்சாலை, காது கேளாதவர்களை வேலைக்கு எடுப்பதாக அறிவித்தது. எப்படி விண்ணப்பிப்பது, என்ன தேர்வு, எந்தெந்தச் சான்று வேண்டும் என்று அதிகாரிகளே சங்கத்துக்கு வந்து விளக்குவதாக ஏற்பாடு. தம்பி கிடங்கில் விடுப்புச் சொல்லிவிட்டு, அறையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக் காத்திருந்தான். அந்தப் படத்தை எங்களுக்கு அனுப்பியும் இருந்தான்.

அன்று பார்த்து வழக்கமான அம்மாவுக்குக் காய்ச்சல். பதிலுக்கு ஒரு இளம்பெண், அதிகாரிகள் மேடை ஏறும் நேரத்தில் ஓடி வந்தாள். அக்கா அவளிடம் பேசவே முடியவில்லை. அதிகாரியின் லேப்டாப் எந்த இணைப்பியிலும் பொருந்தவில்லை. அக்கா மேடைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, பையில் இருந்த இணைப்பிகளைத் தரையில் கொட்டித் தேடிக்கொண்டிருந்தாள்.

"வேற லேப்டாப் இருக்கா சார்?"

"இது ஆபீஸ் லேப்டாப்மா. எல்லா இடத்துலயும் வேலை செய்யுது. உங்க இடத்துலதான் செய்யல."

ஸ்விட்சரில் இருந்தது கணக்கு மாமா. ஓய்வுபெற்ற கணக்காளர், சம்பளம் வாங்காமல் வந்து உதவுகிறவர். அதிகாரியின் முகத்துக்கும் கூட்டத்துக்கும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். என் போன் அதிர்ந்தது. தம்பி.

'அக்கா போனைப் பார்க்கவில்லை. இவள் ஏன் வேறு பக்கம் பார்க்கிறாள்? ஒரு கைதான் தெரிகிறது.'

திரையின் மூலையைப் பார்த்தேன். சின்னக் கட்டத்தில் அந்தப் பெண்ணின் காதும் தோடும் தெரிந்தன. ஒரு கை இன்னொரு கையை மறைத்தது. முகம் முழுவதும் கேமரா ஐயாவின் கேமராவைப் பார்த்திருந்தது. அங்கேதான் சிவப்பு விளக்கு எரிந்தது; மூலைக் கட்டத்துக்குப் போகிற கேமராவில் விளக்கே கிடையாது. டிவி நிலையத்தில் பழகியவள். விளக்கு எரியும் இடத்தைப் பார்த்து, உதடும் விரலும் சுத்தமாக, அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது எங்கேயும் போகவில்லை.

நான் ஓடிப்போய் அக்காவின் தோளைத் தொட்டுப் போனைக் காட்டினேன். அவள் போட்டது போட்டபடி எழுந்தாள். குனிந்தபடியே முன்வரிசைக்குப் போய், கேமரா ஐயாவின் நாற்காலிக்கு அடியில் கையை விட்டு சார்ஜரைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. கேமரா ஐயா எழுந்துவிட்டார்.

"எதுக்கும்மா அணைச்ச?"

"ஐயா, உக்காருங்க. தயவுசெஞ்சு உக்காருங்க."

"மொதல்ல பதில் சொல்லு. இவ்வளவு பெரிய அதிகாரி வந்திருக்கற அன்னிக்கா அணைக்கிறது?"

அவர் நின்றது சைகைக் கேமராவுக்கு நேர் முன்னால். மூலைக் கட்டத்தில் இப்போது அந்தப் பெண்ணின் காதும் இல்லை, ஐயாவின் சட்டை முதுகுதான் இருந்தது. அக்கா அவர் முழங்கையைப் பிடித்து இழுக்க, அவர் உதற, அவர் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "என்னங்க, எல்லாரும் பாக்கிறாங்க" என்றார். அது ஒன்றுதான் நடக்கவில்லை. வீட்டில் இருந்த யாராலும் எதையும் பார்க்க முடியவில்லை.

ஒருவழியாக அவர் உட்கார்ந்து, அக்காவின் கையசைப்பு புரிந்து அந்தப் பெண் திரும்பியபோது, அதிகாரி எல்லாவற்றையும் சொல்லி முடித்து நன்றி கூறிக்கொண்டிருந்தார். நன்றி மட்டும் மிகத் தெளிவாகப் போனது.

அதிகாரிகள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். விண்ணப்பிக்க நாளைதான் கடைசி நாள்.

"சிவப்பு எரியற கேமராவப் பாக்காம நான் வேற எதைப் பாக்கணும்?" அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

"உன் மேல தப்பே இல்லம்மா. நான் பண்ணது" என்றாள் அக்கா. பிறகு கேமரா ஐயாவிடம் திரும்பி, விளக்கு பொய் என்பதை எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

அவர் கேமராவின் தலையில் ஒட்டியிருந்த பல்பைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"நீங்க குடுத்த அடுத்த மாசத்துலேந்து."

ஐயாவின் மனைவி தலை குனிந்துகொண்டார். ஐயா தொண்டையைச் செருமினார். "சரி. அப்ப இதவிட நல்லதா இன்னொரு கேமரா வாங்கித் தரட்டுமா?"

அக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கணக்கு மாமாவின் பெட்டியில் பேச்சின் ஒலி பதிவாகியிருந்தது. அதைப் போடப் போட, காலி அரங்கத்தில் அந்தப் பெண் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சைகையில் சொன்னாள், இந்த முறை நேராக. தம்பி பார்த்துவிட்டு அக்காவுக்குப் பதில் அனுப்பினான். 'இது கிடைத்தது. நீ அங்கேயே இருந்தும் ஏன் இவ்வளவு நேரம்?'

சங்கச் செயலாளருக்கும் காது கேட்காது. அரங்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அவருக்குச் சைகை நேராகத் தெரிந்திருந்தது. பையில் கிடந்த போனை அப்போதுதான் எடுத்து அக்காவிடம் நீட்டினார். நேரலை பார்த்தவர்களின் செய்திகள் வரிசையாகக் குவிந்திருந்தன. 'இடது கை தெரியவில்லை.' 'என்ன சான்று? மறுபடி சொல்லச் சொல்லுங்கள்.' 'யாராவது இருக்கிறீர்களா?' 'போகிறேன்.'

வேறு எந்த மண்டபமாக இருந்தாலும் படம் ஒரு நொடி நடுங்கினால் அக்காவின் போன் அலறியிருக்கும். இங்கே தம்பியின் செய்தி தவிர அதில் எதுவும் வரவில்லை. "போன் நம்பர்தானேடி குடுத்து வெச்சிருக்கேன்" என்றாள் என்னிடம். "இவங்க எப்படிப் போன் பண்ணுவாங்க?"

புதுப் பதிவை அவளும் செயலாளரும் ஒவ்வொருவருக்கும் அனுப்பினார்கள். சிலர் உடனே பார்த்தார்கள். பலர் பார்க்கவில்லை, நேரலையோடு சேர்த்துப் போனையும் மூடிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு எழுப்ப வழியில்லை. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

செயலாளர் போனில் எழுதிக் காட்டினார். 'பாதிப் பேர் வீடு எனக்குத் தெரியும்.'

அவர் வண்டியை எடுத்தார். அக்கா இணைப்பிகளைத் தரையிலேயே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.